இஸ்தான்புல் போகிறவர்கள் என்னிடம் கேட்பவை: கேள்வியும் பதிலும்

"துருக்கிக்கு டிக்கெட் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் அடுத்த அரைமணி நேரம் எனக்கு அதே கேள்விகள்தான் வரும். சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறேன். லிராவில் எந்த விலையும் எழுதவில்லை, அதற்கான காரணம் பணம் பற்றிய பதிலில் இருக்கிறது.

இஸ்தான்புல்தானே துருக்கியோட தலைநகரம்?

இல்லை, தலைநகரம் அங்காரா. 1923இல் குடியரசு வந்தபோது அங்கே போய்விட்டது. ஆனால் அதற்கு முன்னால், கி.பி. 330இல் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இதைத் தலைநகராக்கியதிலிருந்து கணக்குப் போட்டால், ரோமானியர், பைசாந்தியர், 1453க்குப் பிறகு உதுமானியர் என்று சுமார் 1,600 வருடம் பேரரசுகளின் தலைநகராக இருந்த ஊர். இன்றைக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்கள். நடுவில் பாஸ்பரஸ் நீரிணை ஓடுகிறது, ஒரு கரை ஐரோப்பா, மறு கரை ஆசியா. இரண்டு பக்கமும் ஒரே ஊர்தான், தாண்டுவதற்குப் பாஸ்போர்ட் எல்லாம் தேவையில்லை (இதையும் கேட்டிருக்கிறார்கள்).

விசா ஆன்லைன்லயே அஞ்சு நிமிஷத்துல கிடைச்சிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

எல்லோருக்கும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் விசாவோ வசிப்பிட அனுமதியோ இருந்தால்தான் துருக்கி இ-விசா கிடைக்கும். அந்த விசா நீங்கள் துருக்கிக்குள் நுழையும் நாளில் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். அதுவே ஒரு இ-விசாவாக இருந்தால் ஆதாரமாக ஏற்பதில்லை, இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மேலே சொன்ன எதுவும் இல்லாதவர்கள் விண்ணப்ப மையத்தில் காகிதங்கள் கொடுத்து ஸ்டிக்கர் விசா வாங்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள்தான், இரண்டு மடங்கு கட்டணம் பிடுங்குவார்கள். துருக்கி அரசின் தளம் 'கவ் டாட் டிஆர்' என்று முடியும். அதைப் பார்த்துவிட்டுக் கார்டு நம்பரைப் போடுங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன்பும் ஒருமுறை அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து நேரா ஃப்ளைட் இருக்கா? எந்த ஏர்போர்ட்ல இறங்கணும்?

நேர் விமானம் டெல்லி, மும்பையிலிருந்துதான். சென்னைக்காரர்கள் அங்கே போய் மாறலாம், இல்லாவிட்டால் துபாய், தோஹா, அபுதாபி வழியாகப் போகலாம். வளைகுடா வழிதான் பெரும்பாலும் அலைச்சல் குறைவு.

விமான நிலையம் இரண்டு, டிக்கெட்டில் எது என்று கவனியுங்கள். 'இஸ்தான்புல் விமான நிலையம்' ஐரோப்பியப் பக்கம், ஊருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். எம்11 மெட்ரோ கெய்ரெத்தெபே வரை வருகிறது, ஹவாயிஸ்ட் பேருந்துகள் தக்சிம் போன்ற இடங்களுக்கே கொண்டுவந்து விடும். இன்னொன்று 'சபிஹா கோக்சென்', அது ஆசியப் பக்கம். விலை குறைவாகத் தெரிகிற டிக்கெட் அங்கே இறங்கும் விமானமாக இருக்கலாம். நீங்கள் அறை போட்டிருப்பது ஐரோப்பியப் பக்கமாக இருந்தால் அந்த மிச்சம் போக்குவரத்திலும் நேரத்திலும் போய்விடும்.

ஐரோப்பா போற வழியில ட்ரான்ஸிட்ல இறங்கி ஒரு ரவுண்டு பார்த்துடலாமா?

விசா இருந்தால் பார்க்கலாம். டர்கிஷ் ஏர்லைன்ஸ் நீண்ட இடைவெளி உள்ள பயணிகளை இலவசமாக நகரம் சுற்றிக் காட்டவும் அழைத்துப் போகிறது. ஆனால் இதை இஸ்தான்புல் பார்த்த கணக்கில் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சில மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பது பழைய நகரத்தின் சுல்தான்அஹ்மத் சதுக்கத்தையும் அதன் வரிசைகளையும் மட்டும்தான்.

சரி, எத்தனை நாள் போதும்?

ஊருக்கு மட்டும் நாலு முழு நாள், முடிந்தால் ஐந்து. டூர் கம்பெனிகள் எட்டு நாளில் இஸ்தான்புல், கப்படோசியா, பாமுக்கலே, எபேசஸ் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். அதில் இஸ்தான்புல்லுக்குக் கிடைப்பது ஒன்றரை நாள்.

நான் சொல்வது இப்படி: இரண்டு நாள் பழைய நகரத்துக்கு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்கும் ஆசியக் கரைக்கும், ஒரு நாள் பாலாத், ஃபெனர் பக்கத்துத் தெருக்களுக்கும் பழைய மதில்சுவருக்கும். அந்த மதில் 5ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் கட்டியது, 1453 மே 29 அன்று உதுமானியர் நுழையும்வரை தரைவழியாக வந்த படைகளை ஆயிரம் வருடம் தடுத்து நிறுத்தியது. எடிர்னேகாப்பி பக்கம் போனால் அதன் நிழலில் கீரைப் பாத்திகள் போட்டிருப்பதைப் பார்க்கலாம். கூட்டமே இருக்காது.

தங்குறதுக்கு எந்த ஏரியா நல்லது?

முதல் தடவை, வயதானவர்கள் கூட இருக்கிறார்கள் என்றால் சுல்தான்அஹ்மத் அல்லது சிர்கேஜி. எல்லாம் நடக்கிற தூரம், டி1 டிராம் வாசலில். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுல்தான்அஹ்மத் அடங்கிவிடும், சாப்பாடும் விலை அதிகம், ருசி சுமார். இளவட்டங்களுக்கு கராகோய், கலாட்டா. அங்கே மேடு பள்ளம் அதிகம், பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். என் விருப்பம் ஆசியப் பக்கத்துக் காடிகோய். அங்கே தங்கினால் தினமும் காலையில் படகேறித்தான் சுற்றிப் பார்க்கப் போக வேண்டும், அந்தப் படகுக்காகவே அங்கே தங்கலாம்.

இன்னொன்று, புக்கிங்.காம் மீது 2017இல் துருக்கி நீதிமன்றம் தடை போட்டதால் துருக்கிக்குள் இருந்தபடி அங்குள்ள ஓட்டல்களை அதில் பதிய முடியாமல் போனது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள். போனுக்கான இ-சிம்மும் அப்படித்தான், வெளிநாட்டு இ-சிம் விற்கும் பல தளங்கள் அங்கே திறக்காது.

ஊருக்குள்ள சுத்த டாக்ஸியா மெட்ரோவா?

இஸ்தான்புல்கார்ட் வாங்குங்கள், முதல் வேலை அதுதான். நிலையங்களில் உள்ள இயந்திரத்திலேயே கிடைக்கும். மெட்ரோ, டிராம், பஸ், படகு, மலை ஏறும் ஃபுனிகுலர் எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு. கலாட்டா அடிவாரத்திலிருந்து மேலே போகும் துனல் ரயிலுக்கும் இதே கார்டுதான். அது 1875இல் ஓடத் தொடங்கியது, லண்டனுக்கு அடுத்த பழைய சுரங்க ரயில். ஒரு சின்ன விஷயம்: கடலுக்கு அடியில் இரண்டு கரைகளையும் இணைக்கும் மர்மராய் ரயிலில் உள்ளே போகும்போது முழுத் தூரத்துக்கான பணத்தையும் எடுத்துக்கொள்ளும். இறங்குமிடத்தில் மீதியைத் திருப்பித் தரும் இயந்திரம் தனியாக இருக்கும், அதில் கார்டைக் காட்டினால்தான் மிச்சப் பணம் திரும்பும். உள்ளூர்க்காரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் நீங்களும் நில்லுங்கள்.

டாக்ஸியை ராத்திரிக்கும் பெட்டிகள் இருக்கும்போதும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பி-டாக்ஸி, ஊபர் செயலிகளில் கூப்பிட்டால் அதே மஞ்சள் டாக்ஸிதான் வரும், ஆனால் போகும் வழி பதிவாகும். தெருவில் நிறுத்தினால் 'தாக்ஸிமெத்ரே' என்று சொல்லி மீட்டரைக் காட்டுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாலத்தின் மேல் டாக்ஸியில் மாட்டினால் மீட்டர் ஓடும், வண்டி ஓடாது.

பாஸ்பரஸ் குரூஸ் எதை புக் பண்ணலாம்? டின்னர் குரூஸ் நல்லாயிருக்குமா?

எதையும் பதிய வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வருகிற சாதாரணப் படகு எமினோனு, கராகோய், பெஷிக்தாஷ் துறைகளிலிருந்து காடிகோய்க்கும் உஸ்குடாருக்கும் போய்க்கொண்டே இருக்கும். இஸ்தான்புல்கார்டைத் தேய்த்து ஏறிவிடலாம், டின்னர் குரூஸ் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. காடிகோய்க்கு இருபது நிமிடம். உள்ளே உட்காராமல் ஓரத்து மரப் பெஞ்சுக்குப் போய்விடுங்கள். இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடி கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஒருவர் டீ விற்றுக்கொண்டு வருவார், பால் கிடையாது, தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டி. பக்கத்தில் யாராவது எள் ஒட்டிய சிமித் ரொட்டியைக் கிள்ளிக் கடற்காகங்களுக்கு வீசிக்கொண்டிருப்பார்கள். பறவைகள் கைப்பிடிக் கம்பிக்கு நேராகவே பறந்து வரும், சிறகடிக்காமல் அப்படியே தொங்குவது போலத் தெரியும்.

சாயங்காலம் காடிகோயிலிருந்து எமினோனுவுக்குத் திரும்பும்போது படகின் இடப்பக்கம் நில்லுங்கள். புளூ மாஸ்க்கின் ஆறு மினார்கள், ஹகியா சோஃபியாவின் குவிமாடம், முனையில் தோப்காப்பி அரண்மனை என்று ஒவ்வொன்றாகக் கடந்துபோகும், படகு வளைந்ததும் மேட்டின் மேல் சுலைமானியே பள்ளிவாசல். இந்த ஊர் தண்ணீரிலிருந்து பார்க்கக் கட்டப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, இன்றைக்கும் அதே வழியில் போக வேண்டும் என்றால் நான் வேறு வண்டி ஏறமாட்டேன்.

நீளமாக வேண்டுமென்றால் ஷெஹிர் ஹத்லரி என்ற பொதுப் படகுச் சேவையே எமினோனுவிலிருந்து கருங்கடல் வாயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அனாதோலு காவா வரை நெடும்பயணம் விடுகிறது. சுமார் 30 கிலோமீட்டர் நீரிணை முழுவதையும் பார்க்கலாம். பாஸ்பரஸ் மிகக் குறுகும் இடத்தில், கிட்டத்தட்ட 700 மீட்டர்தான், ரூமேலி ஹிசார் கோட்டை நிற்கும். உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 1452இல் சில மாதங்களிலேயே கட்டி முடித்து, அடுத்த வருடம் நகரத்தைப் பிடித்தார். இடம் எவ்வளவு யோசித்துப் பிடித்தது என்று படகிலிருந்து பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

நாங்க சுத்த சைவம். பட்டினியாத்தான் கிடக்கணுமா?

நிச்சயம் இல்லை. மேற்கு ஐரோப்பாவின் பல ஊர்களைவிட இங்கே சைவம் சுலபம், ஆனால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். 'எஸ்னாஃப் லோகந்தாசி' என்று கடைக்காரர்கள் மதியம் சாப்பிடும் எளிய மெஸ்கள் உண்டு. சமைத்ததெல்லாம் ஆவி பறக்கக் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகளில் இருக்கும், மொழி தெரியாவிட்டாலும் கைகாட்டி வாங்கலாம். 'ஸெய்தின்யாலி' என்ற வகை முழுக்க ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறி: பீன்ஸ், கூனைப்பூ, கத்தரிக்காய். கத்தரிக்காயை வதக்கி வெங்காயம் தக்காளி அடைத்த 'இமாம் பாயில்டி'யை அவசியம் சாப்பிடுங்கள். காலையில் தக்காளியும் முட்டையும் சேர்ந்த மெனெமென் (முட்டை சாப்பிடுபவர்களுக்கு), சீஸோ கீரையோ வைத்து மடித்த ரொட்டியான கோஸ்லெமே, மெல்லிய மாவு அடுக்குகளுக்குள் சீஸ் வைத்த போரெக். ஓர்தாகோயில் பெரிய உருளைக்கிழங்கைச் சுட்டுப் பிளந்து வெண்ணெய் சீஸ் போட்டுப் பிசைந்து தருகிற கும்பிர். 'சீ கோஃப்தே' என்ற பெயரில் பச்சை இறைச்சி உணவு ஒன்று உண்டு, ஆனால் கடைகளில் விற்பது கோதுமை ரவையில் செய்த, இறைச்சியே இல்லாத, நல்ல காரமான உருண்டை. நம் நாக்குக்கு அதுதான் சட்டென்று பிடிக்கும். குடிக்க அய்ரான், உப்புப் போட்ட கெட்டி மோர்தான், எல்லா இடத்திலும் கிடைக்கும்.

மறைந்திருக்கும் ஆபத்துகள் மூன்று. பருப்பு சூப்பான 'மெர்ஜிமெக்' சில இடங்களில் எலும்புச் சாற்றில் வேகும். 'பிலாவ்' சோற்றில் கோழிச் சாறு ஊற்றியிருக்கலாம். மூன்றாவதை யாருமே எதிர்பார்க்க மாட்டார்கள்: இனிப்புக் கடையில் வெள்ளையாக இருக்கும் 'தவுக் கோஸு' என்ற பால் இனிப்பில் கோழியின் மார்புக்கறியை நூல் நூலாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள், அடி கருகிய 'கஸான்திபி'யிலும் பழைய முறையில் செய்தால் அது உண்டு. 'எத் யோக், தவுக் யோக்' (இறைச்சி இல்லை, கோழி இல்லை) என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 'எத் சுயு' என்றால் இறைச்சிச் சாறு, அதையும் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று நினைக்கிற சமையல்காரர்கள் இருக்கிறார்கள். பக்லாவா தாராளமாகச் சாப்பிடலாம்.

துருக்கி ரொம்ப சீப்னு யூடியூப்ல சொன்னாங்களே?

அது பழைய கதை. லிரா 2021 கடைசியில் வேகமாக விழுந்தபோது வெளிநாட்டுக்காரர்களுக்கு மலிவாக இருந்தது உண்மை. பிறகு விலைவாசி ஏறி, 2022 அக்டோபரில் அரசாங்கக் கணக்குப்படியே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. இப்போது சாப்பாடும் தங்குமிடமும் நம் கையைக் கடிக்கும், நுழைவுக் கட்டணங்கள் சில யூரோவிலேயே இருக்கின்றன. அதனால்தான் இங்கே லிரா விலை எதுவும் எழுதவில்லை, எழுதினால் அடுத்த மாதமே தப்பாகிவிடும்.

ரூபாயை அங்கே மாற்றுவதை நம்ப வேண்டாம், யூரோ அல்லது டாலர் கொண்டுபோங்கள். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றிவிட்டு, மீதியை கிராண்ட் பஜார் பக்கத்து 'தோவிஸ்' கடைகளில் மாற்றினால் விகிதம் நன்றாக இருக்கும். கார்டு பெரும்பாலும் எல்லா இடத்திலும் செல்லும். ஏடிஎம்மோ கார்டு இயந்திரமோ 'ரூபாயில் எடுக்கட்டுமா, லிராவிலா' என்று கேட்டால் எப்போதும் லிராவைத் தேர்ந்தெடுங்கள்.

ஹகியா சோஃபியாவுக்கு 25 யூரோ கொடுக்கலாமா? முன்னாடி ஃப்ரீன்னு கேள்விப்பட்டேன்.

தேவாலயமாகக் கட்டி, பள்ளிவாசலாகி, பிறகு மியூசியமாக இருந்த இதை 2020 ஜூலையில் மறுபடி பள்ளிவாசலாக்கியபோது இலவசமாகத்தான் இருந்தது. 2024 ஜனவரியிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கு மாடத்துக்கு மட்டும் அனுமதி, அதற்கு 25 யூரோ. கீழ்த்தளம் தொழுகைக்கு. குவிமாடத்தைப் பழுதுபார்க்கும் வேலையும் நடப்பதால் உள்ளே சாரம் தெரியும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

இருந்தாலும் முதல் தடவை போகிறவர் கொடுக்கலாம் என்பதே என் பதில். 537இல் கட்டி முடித்த கட்டடம், சுமார் 31 மீட்டர் அகலக் குவிமாடம், அடியில் வரிசையாக ஜன்னல்கள் வைத்ததால் மேலே தொங்குவது போல நிற்கிறது. மாடத்தில் தெற்குப் பக்கம் 'தீசிஸ்' என்ற மொசைக் இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டு, பாதி உதிர்ந்துவிட்டது, ஆனால் கிறிஸ்துவின் முகத்தில் கன்னத்து நிழலைக்கூடச் சின்னச் சின்னக் கல்லால் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கேயே பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் காவலாள் ஒருவன் தன் பேரை ரூன் எழுத்தில் கிறுக்கிவிட்டுப் போன இடத்தையும் தேடிப் பாருங்கள். பேரரசர்கள் வழிபட வந்த இடத்தில் காவல் நிற்கச் சலித்துப்போன ஒருவனுடைய கை, ஆயிரம் வருடமாக அப்படியே இருக்கிறது. பணம் இடித்தால் டின்னர் குரூஸை விடுங்கள், இதை விடாதீர்கள்.

மியூசியம் பாஸ் வாங்கினா எல்லாம் கவர் ஆகிடுமா?

ஆகாது. ஹகியா சோஃபியாவும், 336 தூண்கள் உள்ள நிலத்தடி நீர்த்தேக்கமான பசிலிக்கா சிஸ்டர்னும் அதில் வராது, அவை இரண்டும்தான் நிறையப் பேர் போகும் இடங்கள். அன்றைய பட்டியலைப் பார்த்து, நீங்கள் போகப்போவதை மட்டும் கூட்டிக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். தொல்லியல் அருங்காட்சியகம் உங்கள் திட்டத்தில் இல்லையென்றால் சேருங்கள். தோப்காப்பிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டம் குறைவு. எகிப்தியரும் அன்றைக்குத் துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட காதேஷ் சமாதான ஒப்பந்தத்தின் களிமண் பலகை அங்கேதான் இருக்கிறது.

விடுமுறை நாள்: தோப்காப்பி செவ்வாய், தோல்மாபாஹ்சே அரண்மனை திங்கள், கிராண்ட் பஜார் ஞாயிறு.

மசூதிக்குள்ள நாங்க போகலாமா? பெண்கள் தலையை மூடணுமா?

போகலாம், எந்த மதத்தினரும். தொழுகை நேரங்களில் மட்டும் பார்வையாளர்களை நிறுத்திவைப்பார்கள், வெள்ளிக்கிழமை மதியம் அது நீளும், அந்த நேரத்தை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் தலையை மூட வேண்டும், ஆண் பெண் இருவருக்கும் தோளும் முழங்காலும் தெரியக்கூடாது. ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும், சுடிதார் போடுகிறவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொள்ள ஒரு பை எடுத்துப் போங்கள்.

புளூ மாஸ்க்கும் சுலைமானியேவும் இலவசம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் சுலைமானியேவுக்கே போகச் சொல்வேன். 1557இல் உதுமானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது, உள்ளே அலங்காரம் குறைவு, வெளிச்சம் நிறைய, பின்பக்கத்துத் தோட்டத்திலிருந்து தங்கக் கொம்பு என்ற உப்பங்கழி முழுவதும் தெரியும். வாசலுக்கு எதிரே வரிசையாக வெள்ளை பீன்ஸ் குழம்புக் கடைகள். சைவக்காரர்கள் மேலே சொன்ன 'எத் யோக்' கேள்வியை அங்கேயும் கேளுங்கள்.

நாங்க முஸ்லிம் குடும்பம். வழக்கமான இடங்களைத் தவிர எங்கே போகணும்?

ஐயூப். நபித்தோழர் அபூ அய்யூப் அல் அன்சாரி அடக்கமான இடம், தங்கக் கொம்பு ஓரமாகப் போனால் வரும். வெளிநாட்டுப் பயணிகளைவிட உள்ளூர்க் குடும்பங்கள்தான் அதிகம். சுன்னத் செய்யப்போகும் சின்னப் பையன்களை இளவரசர் மாதிரி வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டு அழைத்து வந்திருப்பார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். தோப்காப்பியில் புனிதப் பொருட்களின் அறையையும் அவசரமில்லாமல் பாருங்கள், அங்கே குர்ஆன் ஓதுவது நிற்காமல் நடந்துகொண்டிருக்கும்.

கிராண்ட் பஜார்ல எவ்வளவு பேரம் பேசலாம்?

பேசுங்கள், ஆனால் வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும். சொன்ன விலையில் பாதி என்று சூத்திரம் எல்லாம் கிடையாது, நாலு கடை கேட்டால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். மசாலா, உலர்பழம், லோகும் (டர்கிஷ் டிலைட் இனிப்பு) எல்லாம் எமினோனு மசாலாச் சந்தைக்குள்ளே வாங்குவதைவிட அதற்கு வெளியே, ஊர்க்காரர்கள் நிற்கும் கடைகளில் வாங்குவது நல்லது. எடைபோட்டுத் தருவதற்கு முன் கிலோ விலையைக் கேளுங்கள். மஞ்சளைக் 'குங்குமப்பூ' என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரொம்ப ஏமாத்துறாங்களாமே?

பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஆனால் சில வித்தைகள் வருடக்கணக்காக மாறாமல் நடக்கின்றன. ஷூ பாலிஷ் போடுகிறவர் உங்களைக் கடந்து போகும்போது பிரஷ்ஷைக் கீழே நழுவவிடுவார், எடுத்துக் கொடுத்தால் நன்றி என்று உங்கள் ஷூவைத் துடைத்துவிட்டுப் பிறகு பணம் கேட்பார். தக்சிம் பக்கம் தனியாகப் போகும் ஆண்களிடம் நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவர் நண்பராகி 'ஒரு பாருக்குப் போகலாம்' என்பார், பில் வரும்போது தலை சுற்றும், வாசலில் தடியர்கள் நிற்பார்கள். இரண்டாவதுதான் உண்மையில் ஆபத்து, அழைப்பவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் போகாதீர்கள். கம்பளக் கடையில் கூப்பிட்டு டீ கொடுப்பது இந்த வகையில் சேராது, குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

நான் தனியா போற பொண்ணு. பயமில்லாம சுத்தலாமா அக்கா?

சுற்றலாம்மா. ராத்திரி பத்து மணிக்கும் படகிலும் டிராமிலும் பெண்கள் தனியாகப் போய்வருவதைப் பார்ப்பாய். காடிகோய், பெஷிக்தாஷ் தெருக்கள் இன்னும் சுலபம். சுல்தான்அஹ்மத்தில் கடைக்காரர்கள் விடாமல் பேச்சுக் கொடுப்பார்கள், பதில் சொல்லாமல் நடந்தால் விட்டுவிடுவார்கள். தக்சிமில் ஆர்ப்பாட்டம், போலீஸ் தடுப்பு என்று தெரிந்தால் வேடிக்கை பார்க்க நிற்காதே, அடுத்த மெட்ரோவில் ஏறிவிடு.

எந்த மாசம் நல்லது? ரமலான்ல போனா சாப்பாடு கிடைக்குமா?

ஏப்ரல் பாதியிலிருந்து மே வரை, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஏப்ரலில் எமிர்கான் பூங்கா முழுக்கத் துலிப். ஜூலை, ஆகஸ்ட் வெயில், கூட்டம். குளிர்காலம் மழையும் ஈரமுமாக இருக்கும், பனியும் பெய்யலாம், ஆனால் வரிசைகளே இருக்காது.

ரமலானில் ஓட்டல்கள் திறந்துதான் இருக்கும். பெரிய பள்ளிவாசல்களின் மினார்களுக்கு நடுவே விளக்குகளால் வாசகம் எழுதித் தொங்கவிடுவார்கள், சுல்தான்அஹ்மத் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து நோன்பு திறப்பார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே போகலாம். அடுத்து வரும் பெருநாள் விடுமுறையில்தான் கிராண்ட் பஜார் உட்படப் பல இடங்கள் மூடியிருக்கும்.

இந்தியர்னு சொன்னா இப்ப எப்படிப் பார்க்கிறாங்க?

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தானுக்கு ஆதரவாக எடுத்த நிலைப்பாட்டால் நிறைய இந்தியர்கள் பயணத்தை ரத்து செய்தார்கள். போவதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சி, அதில் நான் தலையிட மாட்டேன். அங்குள்ள சாதாரண மக்களைப் பற்றிக் கேட்டால், இந்தியாவா என்று கேட்டு உடனே இந்தி நடிகர்கள் பெயரையும் துருக்கி மொழியில் ஓடிய இந்தி சீரியல்களையும் சொல்லும் அம்மாக்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர்ல போனப்போ திடீர்னு சைரன் ஊதி எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்களாம், எதுக்கு?

நவம்பர் 10, காலை 9:05. 1938இல் அதே நேரத்தில் தோல்மாபாஹ்சே அரண்மனையில் துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் இறந்தார். கார்களை நிறுத்திக் கதவைத் திறந்து வெளியே வந்து நிற்பார்கள், படகுகள் சங்கு ஊதும். நீங்களும் நின்றுவிடுங்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

நாங்க தங்குறது சுல்தான்அஹ்மத், திரும்பும் விமானம் சபிஹாவிலிருந்து. நீங்க சொன்னபடி படகுல போகலாம்னு பார்த்தா அன்னைக்குப் படகே இல்லைன்னா?

நல்ல கேள்வி, குறிப்பாகக் குளிர்காலத்தில். 'லோதோஸ்' என்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பலமாக வீசும் நாட்களில் படகுகளை நிறுத்திவிடுவார்கள், பாலங்களிலும் நெரிசல் கூடிவிடும். அன்றைக்கு டாக்ஸியை நம்பினால் விமானம் போய்விடும்.

சிர்கேஜியில் மர்மராய் ஏறுங்கள், கடலுக்கு அடியில் போவதால் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உஸ்குடாரைத் தாண்டி அடுத்த நிலையமான அய்ரிலிக் செஷ்மேசியில் இறங்கி எம்4 மெட்ரோவுக்கு மாறினால் நேராகச் சபிஹா கோக்சென் முனையத்துக்கே போய்விடும். சிர்கேஜி நிலையம் மிக ஆழம், எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டராக இறங்க வேண்டும், பெரிய பெட்டி இருந்தால் லிஃப்டைத் தேடுங்கள். மாறும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது மீதிப் பணம் தரும் இயந்திரத்தில் கார்டைக் காட்ட மறக்காதீர்கள்.